காரின் பின்பக்கம் ‘டொக்’ என்கிறதா? பொருளை மாற்றும் முன் சத்தத்தைப் பிடியுங்கள்

வேகத்தடையில் ஏறி இறங்கும்போது பின் சக்கரத்தின் பக்கம் ‘டொக்’ என்று ஒரு சத்தம். பாட்டை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கேட்டால் இன்னும் தெளிவாகக் கேட்கிறது. பட்டறைக்குப் போகிறீர்கள். வண்டியை ஒரு தெரு சுற்றி ஓட்டிவிட்டு வந்தவர், “ஷாக் அப்சார்பர் போயிருக்கும், இரண்டையும் மாற்றிப் பார்ப்போம்” என்கிறார். இந்த ‘மாற்றிப் பார்ப்போம்’ என்ற பேச்சு எனக்கு அறவே பிடிக்காது. நானும் சென்னை பாடியில் பட்டறை வைத்துப் பிழைக்கிறவன்தான். பொருள் மாற்றினால் எனக்கும் காசுதான். ஆனால் எந்தப் பொருள் சத்தம் போடுகிறது என்று கையால் தொட்டு உறுதி செய்யாமல் அடுத்தவர் பணத்தில் சோதனை நடத்துவது தொழில் ஆகாது.

பின்பக்கச் சத்தம் ஆளை ஏமாற்றும். காரின் உடல் முழுக்கத் தகடு. வலப்பக்கம் எழுகிற சத்தம் இடப்பக்கம் கேட்கும். டிக்கியில் ஆடுகிற ஜாக்கி, சக்கரங்களுக்கும் உடலுக்கும் நடுவே அடியைத் தாங்கும் சஸ்பென்ஷனே உடைந்துவிட்டதுபோல் கேட்கும். அதனால் இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் கண்டுபிடிப்பதைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன். கழற்றி மாட்டுவது அதற்குப் பிறகு வருகிற, அதைவிட எளிய வேலை. ஸ்பேனர் பிடித்துப் பழக்கமில்லாதவர்கள் கண்டுபிடிப்பதோடு நிறுத்திக்கொண்டு, மெக்கானிக்கிடம் இன்ன இடத்தில் ஆட்டம் இருக்கிறது என்று காட்டினாலே போதும். இடத்தைக் காட்டத் தெரிந்த வாடிக்கையாளரிடம் யாரும் தேவையில்லாத பொருளை விற்க மாட்டார்கள்.

முதலில் வீல் நட், பிறகு டிக்கி

எதையும் யோசிக்கும் முன் நான்கு சக்கரங்களின் வீல் நட்டுகளையும் இறுக்கிப் பாருங்கள். சமீபத்தில் பஞ்சர் ஒட்டியிருந்தாலோ டயர் மாற்றியிருந்தாலோ இது கட்டாயம். இளகிய வீல் நட்டும் ‘டொக் டொக்’ என்றுதான் சொல்லும். மற்ற சத்தங்கள் ஒரு வாரம் பொறுக்கும். இது அடுத்த சிக்னல் வரைகூடப் பொறுக்காது. சிறிய கார்களுக்கு வீல் நட்டின் இறுக்கம் பொதுவாக 85 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். உங்கள் வண்டிக்குரிய சரியான எண்ணை வண்டியோடு வந்த கையேட்டிலும் சர்வீஸ் மேனுவலிலும் தேடிப் பாருங்கள்.

அடுத்தது டிக்கி. உள்ளே இருக்கிற எல்லாவற்றையும் வெளியே எடுத்து வையுங்கள். தண்ணீர் கேன், குடை, குழந்தையின் கிரிக்கெட் மட்டை, கார் கழுவும் வாளி, எதுவும் வேண்டாம். பின் கண்ணாடிக்குக் கீழே உள்ள பார்சல் தட்டையும் கழற்றி வீட்டில் வையுங்கள். தரை விரிப்பைத் தூக்கினால் ஸ்டெப்னி தெரியும். அதை நடுவில் பிடித்திருக்கும் போல்ட் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். ஜாக்கிக்கு என்று தனி இடம் இருந்தால், அதன் திருகைச் சற்றுத் திருப்பி ஜாக்கியை விரித்து, இடத்தில் அசையாமல் நிற்கும்படி இறுக்குங்கள். சந்தேகம் இருந்தால் ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் கீழே இறக்கிவிட்டு ஒரு சுற்று ஓட்டுங்கள்; தெருவை விட்டு வெகுதூரம் போகாமல் இருந்தால் சரி.

இதற்கும் சத்தம் போகவில்லை என்றால் பின் சீட்டின் முதுகைப் பூட்டும் கொக்கியைக் கவனியுங்கள். உடலோடு பற்றவைத்த ஒரு வளைந்த கம்பியை அந்தக் கொக்கி கவ்வியிருக்கும். வருடங்கள் போனால் இரண்டுக்கும் நடுவே சிறு இடைவெளி வந்துவிடும். மோசமான சாலையில் அது ‘லொடலொட’ என்று ஆடும். கேட்பவருக்குச் சக்கரத்துக்கு மேலே இருந்து வருவதுபோல் இருக்கும். அந்தக் கம்பியில் துணி டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றி ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் வேலை முடிந்தது. டிக்கிக் கதவையும் இதே கண்ணால் பார்க்க வேண்டும். கதவின் ஓரத்தில் இருக்கும் ரப்பர் குமிழ்கள் பல வண்டிகளில் திருகுபோல் சுழலும். வெளிப்பக்கம் சற்றுத் திருப்பிவிட்டால் கதவு இறுக மூடும்.

ஓட்டிக் கேட்பது

இனி ஒரு துணையை அழைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஓட்ட, ஒருவர் கேட்க வேண்டும். பின் சீட்டு பாதியாக மடியும் வண்டி என்றால் ஒரு பாதியை மடித்துவிட்டு, மறுபாதியில் பெல்ட் போட்டு உட்கார்ந்து கேட்கலாம். இதை ஆள் நடமாட்டமில்லாத மைதானத்திலோ அடுக்ககத்தின் வளாகத்திலோ நடை வேகத்தில்தான் செய்ய வேண்டும்.

எந்த மேட்டில், எந்த வேகத்தில், ஏறும்போதா இறங்கும்போதா, காலி வண்டியிலா ஆள் ஏறியபோதா என்பதை எல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பட்டறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் “எப்போதும் கேட்கிறது” என்கிறார்கள். கூட உட்கார்ந்து ஓட்டினால் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போதுதான் கேட்கிறது. அந்த ஒரு தகவல் பாதித் தேடலை மிச்சப்படுத்தும்.

சோதனைக்கு நம் ஊரில் சாலைப் பஞ்சமில்லை. மெட்ரோ இரண்டாம் கட்டப் பணி தோண்டிப் போட்ட சாலைகளும், மழைநீர் வடிகாலுக்கு வெட்டி மூடிய தெருக்களும் வேண்டிய மட்டும் இருக்கின்றன. மேம்பாலங்களில் காங்கிரீட் பலகைகள் சேரும் இணைப்புகள் இன்னும் நல்லவை. இரண்டு பின் சக்கரங்களுக்கும் ஒரே நேரத்தில் சிறிய, கூர்மையான அடி கிடைக்கும். சிறு அடிக்கு ‘டொக்’ என்று பதில் சொன்னால் புஷ் (இரும்பு இணைப்புக்குள் இருக்கும் ரப்பர் உருளை) அல்லது மேல் மவுண்ட் (ஷாக் அப்சார்பரின் மேல் முனையை உடலோடு பிடிக்கும் ரப்பர் இணைப்பு) பக்கம் சந்தேகம் போகும். கத்திப்பாரா மேம்பாலத்தின் சுழல் பாதைகள் இடப்பக்கம் வளைகின்றன. அதில் போகும்போது எடை வலப்பக்கச் சக்கரங்களுக்கு மாறும். அங்கே மட்டும் சத்தம் மாறினால் வலப்பக்கத்தை முதலில் பாருங்கள். ஆனால் அந்த இடத்தில் வேகத்தைக் குறைத்து ஆராய்ச்சி செய்ய வேண்டாம். பின்னால் பஸ் வரும்.

வேகத்தடை பற்றியும் ஒரு வார்த்தை. இந்திய சாலைக் காங்கிரஸ் சொல்லும் அளவு 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். அதை 25 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கலாம். நம் உள்தெருக்களில் இரவோடு இரவாகப் போடப்படும் மேடுகள் இந்த அளவுக்கு அருகில்கூட வருவதில்லை. குறுகலாக, செங்குத்தாக நிற்கின்றன. அவற்றின் மேல் நல்ல சஸ்பென்ஷனும் ‘டம்’ என்று அடி வாங்கும். அதனால் சோதனைக்கு ஒழுங்கான ஒரு வேகத்தடையைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு முறையும் அதிலேயே, அதே வேகத்தில் ஏற்றுங்கள்.

கேட்டதை எப்படிப் படிப்பது என்று சொல்கிறேன். சின்னக் குழியிலும் ஒற்றையாக, கெட்டியாக ‘டொக்’ என்றால் ஷாக் அப்சார்பரின் மேல் மவுண்டோ கீழ்ப் புஷ்ஷோ. ஆள் நிறைந்த வண்டி வேகத்தடையில் இறங்கும்போது மட்டும் ‘டம்’ என்று அடித்தால் சஸ்பென்ஷன் கடைசி வரை அமுங்கி முட்டுகிறது. ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், ஷாக் செத்திருக்கும், அல்லது நடுவில் இருக்க வேண்டிய பம்ப் ஸ்டாப் ரப்பர் பொடியாகி உதிர்ந்திருக்கும். பிரேக் போடும்போதும், ரிவர்ஸிலிருந்து முன்னே எடுக்கும்போதும் ஒரு ‘டக்’ வந்தால் பின் ஆக்சிலை உடலோடு இணைக்கும் பெரிய புஷ்ஷைப் பாருங்கள். தொடர்ந்து குலுங்கும் சாலையில் மட்டும் ‘லொடலொட’ என்றால் சைலன்ஸர், சக்கர டிரம்முக்குள் இருக்கும் பிரேக் ஷூ, புகைக்குழாயின் சூட்டை மறைக்கும் வெப்பத் தகடு ஆகிய மூன்றில் ஒன்று. நிறுத்திய பிறகு ஒரு நொடி கழித்து ‘தொளக்’ என்று கேட்டால் அது பாதி நிரம்பிய பெட்ரோல் டேங்க். டேங்கை நிரப்பிவிட்டுக் கேளுங்கள், இருக்காது. ‘கிரீச்’ என்ற சத்தம் காய்ந்த ரப்பர். மழை நாளில் அடங்கி, வெயில் வந்ததும் திரும்பினால் சந்தேகமே வேண்டாம்.

பிரேக் ஷூவைப் பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. அதே மைதானத்தில் நடை வேகத்தில் போகும்போது, கைப்பிரேக்கின் பொத்தானை அழுத்தியபடியே லேசாக, சக்கரம் பிடிக்கத் தொடங்கும் அளவுக்கு மட்டும் இழுங்கள். சத்தம் உடனே நின்றால் டிரம்முக்குள் ஷூ ஆடுகிறது. மின்சாரக் கைப்பிரேக் உள்ள வண்டிகளில் இதைச் செய்யக் கூடாது.

உங்கள் வண்டியின் அடியில் இருப்பது

ஸ்விஃப்ட், பலேனோ, ஐ20, ஹோண்டா சிட்டி, டியாகோ போன்ற நம் தெருவின் பெரும்பாலான கார்களில் பின்னால் இருப்பது டார்ஷன் பீம். இரண்டு சக்கரங்களையும் சேர்க்கும் ஓர் எஃகு விட்டம். அது இரண்டு பெரிய புஷ்களின் மேல் உடலோடு கோத்திருக்கும். பக்கத்துக்கு ஒரு ஸ்பிரிங், ஒரு ஷாக் அப்சார்பர். ஆடக்கூடிய இடங்கள் குறைவு. அதனால் பழுது பார்க்க மிக வசதியானது. பழைய இன்னோவாவில் ஆக்சிலை உடலோடு இணைக்கும் நான்கு லிங்க்குகளும் குறுக்கே ஒரு கம்பியும் உண்டு. ஒவ்வொன்றின் இரு முனையிலும் புஷ். எக்ஸ்யூவி 700 போன்ற வண்டிகளில் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக இயங்கும்; அவற்றில் ஸ்டெபிலைசர் லிங்க் என்ற மெல்லிய கம்பியின் மூட்டுதான் பலமுறை சத்தத்துக்குக் காரணம். பொலேரோ, ஆம்னி, பழைய அம்பாசடர் போன்ற லீஃப் ஸ்பிரிங் (பட்டைகளாக அடுக்கிய ஸ்பிரிங்) வண்டிகளில், ஸ்பிரிங்கின் முனையை உடலோடு இணைக்கும் ஷாக்கிளின் புஷ்ஷையும், ஆக்சிலை ஸ்பிரிங்கோடு கட்டியிருக்கும் யூ போல்ட்டையும் முதலில் பாருங்கள்.

எந்த வகையானாலும் ஒன்றை மனதில் வையுங்கள். வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஷாக் அப்சார்பர் எடையைத் தாங்குவதில்லை. ஸ்பிரிங் ஊஞ்சல்போல் ஆடிக்கொண்டே இருக்காமல் அடக்குவதுதான் அதன் வேலை. உள்ளே உள்ள எண்ணெய் சிறு வால்வுகள் வழியே புகுந்து செல்லும்போது ஆட்டம் அடங்குகிறது. அந்த எண்ணெய் கசிந்துவிட்டால் அடக்கம் போகும், வண்டி அலையும். கெட்டியான ‘டொக்’ என்பது பெரும்பாலும் ஷாக்கின் உள்ளே இல்லை, அதை உடலோடு பிடித்திருக்கும் ரப்பரில் இருக்கிறது. புஷ்ஷின் விலை ஷாக்கின் விலையில் ஒரு சிறு பங்குதான். கண்டுபிடிக்காமல் மாற்றக் கூடாது என்று நான் அடித்துச் சொல்வது இதற்காகத்தான்.

நிற்கும் வண்டியில் கை வைத்துப் பார்ப்பது

வண்டியைச் சமதரையில், நான்கு சக்கரங்களிலும் நிறுத்துங்கள். ஜாக்கி வேண்டாம். டிக்கியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினால் பல வண்டிகளில் ஷாக்கின் மேல் நட் தெரியும். சில வண்டிகளில் மேல் இணைப்பு சக்கர வளைவுக்குள் இருக்கும். துணையைப் பின் பம்பரின் மேல் எடை போட்டு அழுத்தி அழுத்தி விடச் சொல்லுங்கள். நீங்கள் இரண்டு விரல்களை நட்டும் தகடும் சேரும் இடத்தில் வையுங்கள். நல்ல மவுண்ட் என்றால் விரலுக்கு எதுவும் தெரியாது. தேய்ந்த மவுண்ட் என்றால் காதுக்குக் கேட்பதற்கு முன்பே விரலுக்கு ஒரு துடிப்பு தெரியும். இதைவிட நம்பகமான சோதனை எனக்குத் தெரியாது. என் வாத்தியார் முதலில் இதைத்தான் கற்றுக்கொடுத்தார். ஸ்பிரிங் சுருளுக்குள் மட்டும் விரலை நுழைக்காதீர்கள்.

டாக்ஸி ஓட்டும் தம்பி ஒருவர் இப்படித்தான் ஒரு வண்டியோடு வந்தார். வேறோர் இடத்தில் பின் ஷாக் இரண்டையும் புதிதாக மாற்றியிருந்தார்கள். சத்தம் அப்படியே இருந்தது. “இரண்டும் புதியவைதானே அண்ணா, இனி என்ன இருக்கப் போகிறது?” என்று அவர் கேட்டதில் களைப்புதான் இருந்தது. விரலை வைத்ததும் இடப்பக்கம் துடித்தது. நட்டைத் திருகிப் பார்த்தால் கல் மாதிரி இறுகியிருந்தது. கழற்றிப் பார்த்தபோது தகட்டுக்குக் கீழ்ப்புறம் ரப்பருக்கு அடியில் இருக்க வேண்டிய கிண்ணம் போன்ற வாஷர் இல்லை. நட், ஷாக் கம்பியில் உள்ள விளிம்பு வரை போய் முட்டி நின்றுவிட்டது. ரப்பரோ தகட்டைக் கவ்வவே இல்லை. மெல்லிய ஒரு காகிதம் நுழையும் இடைவெளி. அதில்தான் அத்தனை சத்தம். வாஷர் ஒன்றைப் போட்டு இறுக்கியதும் வண்டி அமைதியானது. நட் இறுக்கமாக இருப்பதும் ரப்பர் இறுக்கமாக இருப்பதும் ஒன்றல்ல என்பதற்காகவே இதை இவ்வளவு விரிவாகச் சொன்னேன்.

பம்பரை அமுக்கி விட்டு எத்தனை முறை குதிக்கிறது என்று எண்ணும் பழைய சோதனை முழுதாகச் செத்துப்போன ஷாக்கை மட்டுமே காட்டிக் கொடுக்கும். பாதி தேய்ந்தது அதில் தப்பித்துவிடும். ஷாக்கின் உடலைப் பாருங்கள். மேல் முனையில் தூசி லேசாக ஈரம் பட்டதுபோல் படிந்திருந்தால் பயப்பட வேண்டாம். கீழ் வரை எண்ணெய் வழிந்து, அதில் மண் அப்பியிருந்தால் மாற்ற வேண்டியதுதான்.

இன்ஜின் ஆறிய பிறகு, சைலன்ஸரைக் கையால் நாலா பக்கமும் தள்ளிப் பாருங்கள். தொங்கவிட்டிருக்கும் ரப்பர் வளையம் ஒன்று அறுந்திருந்தாலும் சைலன்ஸர் பீமில் இடிக்கும். இடித்த இடம் பளபளவென்று தேய்ந்திருக்கும். வெப்பத் தகட்டின் திருகு துருப்பிடித்து விட்டிருந்தால், பெரிய ஹோஸ் கிளிப் ஒன்றால் தகட்டைக் குழாயோடு சேர்த்துக் கட்டிவிடலாம்; நிரந்தரமாகவே நிற்கும்.

வண்டியைத் தூக்குவது

இங்கே நான் கண்டிப்பாக இருப்பேன். ஜாக்கியில் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் தலையோ கையோ போகவே கூடாது. இரண்டு ஜாக்கி ஸ்டாண்டுகள் வாங்குங்கள். அவை இல்லாமல் இந்த வேலை இல்லை. கைப்பிரேக் பெரும்பாலான கார்களில் பின் சக்கரங்களைத்தான் பிடிக்கிறது. பின்பக்கத்தைத் தூக்கிய நொடியிலேயே அது பயனற்றுப் போகிறது. ஆகவே முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். முதல் கியரில், ஆட்டோமேட்டிக் என்றால் ‘பி’யில் நிறுத்துங்கள். ஏப்ரல், மே மாத வெயிலில் தார்ச்சாலை இளகி ஸ்டாண்டின் கால்கள் மெல்ல உள்ளே இறங்கும். சிமெண்ட் தரைதான் நல்லது. இல்லையென்றால் தடித்த பலகையை அடியில் போடுங்கள். வீல் நட்டுகளைத் தூக்கும் முன்பே கால் சுற்று இளக்கிவிடுங்கள். ஜாக்கியைக் கையேட்டில் காட்டிய இடத்தில் மட்டும் வையுங்கள். டார்ஷன் பீமின் நடுவில் வைத்துத் தூக்கினால் அது வளையக்கூடும்.

தூக்கிய பின் சக்கரத்தைக் கழற்றிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று முழுதாக இருக்கிறதா? திருவான்மியூர், ஈஞ்சம்பாக்கம் பக்கம் கடற்காற்றில் நிற்கும் வண்டிகளில் ஸ்பிரிங் உட்காரும் கிண்ணத்தில் மணலும் ஈரமும் தங்கி, அந்தச் சுற்று துருப்பிடித்து ஒடிந்துவிடும். ஒடிந்த துண்டு கிண்ணத்திலேயே கிடப்பதால் மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. விரலால் தடவிப் பார்க்க வேண்டும். ஸ்பிரிங்கின் மேலும் கீழும் உள்ள ரப்பர் மெத்தை கிழிந்திருந்தால் இரும்பு இரும்போடு மோதும்.

ஆக்சில் புஷ்ஷுக்கு நீளமான லீவர் ஒன்றை இடையில் கொடுத்து நெம்புங்கள். ரப்பர் சற்று நெளிவது இயல்பு. மேற்பரப்பில் சிறு வெடிப்புகள் இருந்தாலும் பரவாயில்லை. ரப்பர் இரும்பை விட்டுப் பிரிந்து, நெம்பும்போது ‘டக்’ என்று முட்டினால்தான் அது போய்விட்டது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் நாள்கணக்கில் தண்ணீரில் நின்ற வண்டிகளில் வேறொரு தொல்லையும் உண்டு. போல்ட், புஷ்ஷின் உள்குழாயோடு சேர்ந்து துருவேறி ஒன்றாகிவிடுகிறது. அப்படி இருந்தால் முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் தெளித்து வையுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் வெட்டித்தான் எடுக்க வேண்டும்; வீட்டில் முயல வேண்டாம்.

ஷாக்கையும் மவுண்டையும் மாற்றுவது

டார்ஷன் பீம் வண்டி, ஸ்பிரிங்கும் ஷாக்கும் தனித்தனியாக நிற்கும் அமைப்பு என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். ஷாக்கைச் சுற்றியே ஸ்பிரிங் இருக்கும் வண்டி என்றால் அதை வீட்டில் பிரிக்க வேண்டாம். அமுக்கிய ஸ்பிரிங் தெறித்தால் ஆளைக் கொல்லும்.

ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் கழற்றுங்கள். மறுபக்கம் பார்த்து மாட்டுவதற்கு மாதிரியாக இருக்கும். இரண்டாவது ஜாக்கி ஒன்றை அந்தப் பக்கச் சக்கரத்தின் அருகே பீமுக்கு அடியில் வைத்து, லேசாகத் தொட்டுத் தாங்கும்படி ஏற்றுங்கள். இதைத் தவறவிடக் கூடாது. ஷாக்கைக் கழற்றியதும் பீம் கீழே விழாமல் பிடிக்க வேறு எதுவும் இல்லை; விழுந்தால் பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் இழுபடும், ஸ்பிரிங் நழுவி வெளியே வரும்.

மேல் நட்டைத் திருப்பும்போது ஷாக்கின் கம்பியும் சேர்ந்து சுழலும். கம்பியின் நுனியில் அதைப் பிடிப்பதற்கென்றே தட்டையான வெட்டோ ஆலன் கீ துளையோ இருக்கும், அங்கே பிடியுங்கள். பளபளக்கும் கம்பியைப் பிளையரால் கவ்வக் கூடாது. ஒரு கீறல் விழுந்தாலும் அது எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் ரப்பர் சீலை அறுத்து, புது ஷாக்கையும் கசிய வைக்கும். வாஷர், ரப்பர், குழாய் எல்லாம் எந்த வரிசையில் வருகின்றன என்று கைப்பேசியில் படம் எடுத்தபடியே கழற்றுங்கள். டாக்ஸித் தம்பியின் வண்டியில் ஒரு படம் எடுத்திருந்தால் அந்த வாஷர் விடுபட்டிருக்காது.

கழற்றிய ஷாக்கை நிறுத்திப் பிடித்து மெதுவாக அமுக்கி இழுங்கள். இரு திசையிலும் விட்டுப்போகாத, சீரான எதிர்ப்பு இருக்க வேண்டும். திசை மாறும் இடத்தில் சட்டென்று காலியாக நழுவினால் உள்ளே தீர்ந்துவிட்டது. எதிர்ப்பு நன்றாக இருந்து ரப்பர் மட்டும் நைந்திருந்தால், ரப்பரை மட்டும் மாற்றுங்கள். ஷாக்கையே மாற்றுவதானால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும். ஒன்று புதிதும் ஒன்று பழையதுமாக இருந்தால் வேகமாகப் போகும்போது பின்பக்கம் இரண்டு விதமாக நடந்துகொள்ளும்.

புது ஷாக் கடையில் படுக்க வைக்கப்பட்டிருக்கும். உள்ளே காற்று எண்ணெய்ப் பகுதிக்குள் வந்திருக்கும். மாட்டும் முன் நிமிர்த்திப் பிடித்து, சீரான எதிர்ப்பு வரும் வரை சில முறை முழுதாக அமுக்கி இழுத்துவிடுங்கள். பம்ப் ஸ்டாப்பையும் தூசிக் கவசத்தையும் புதிதாகவே போடுங்கள்.

அடுத்து வருவது, அவசரத்தில் பலரும் விட்டுவிடுகிற படி. கீழ்ப் போல்ட்டை வண்டி தொங்கும் நிலையில் முழுதாக இறுக்கக் கூடாது. புஷ்ஷின் ரப்பர் உள்குழாயோடும் வெளிவளையத்தோடும் ஒட்டியது. அது சுழல்வதில்லை, முறுக்கிக்கொள்கிறது. தொங்கும்போது இறுக்கிவிட்டால் வண்டியைக் கீழே இறக்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிய நிலையில் நிற்கும். சீக்கிரமே கிழிந்து, அதே ‘டொக்’ திரும்பி வரும். அதனால் போல்ட்டைக் கையால் திருகி நிறுத்திவிட்டு, பீமுக்கு அடியில் உள்ள ஜாக்கியை ஏற்றி, வண்டி ஓடும்போது சக்கரம் எந்த உயரத்தில் இருக்குமோ அந்த நிலைக்குக் கொண்டுவந்த பிறகு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். அந்த உயரம் தெரிய, தூக்கும் முன்பே சக்கர நடுவிலிருந்து வளைவின் விளிம்பு வரை டேப்பால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இறுக்கும் அளவு வண்டிக்கு வண்டி மாறும். சர்வீஸ் மேனுவலின் எண்ணையே கொள்ளுங்கள், ஊகிக்க வேண்டாம். இறுக்கியதும் போல்ட் தலையிலிருந்து பிராக்கெட் வரை பெயிண்டால் ஒரு கோடு போடுங்கள்.

பீமின் பெரிய புஷ்களை மாற்றுவதை, அழுத்தி மாட்டும் பிரஸ் இயந்திரம் உள்ள பட்டறைக்கு விடுங்கள். அந்த ரப்பரில் உள்ள துவாரங்கள் குறிப்பிட்ட திசையில் நிற்க வேண்டும். திசை மாறினால் வண்டியின் நடையே மாறும். கழற்றும் முன் பீமில் அடையாளம் போடுகிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். போடாதவரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

பொருள் வாங்குவது

ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் போவதானால் பழைய பொருளைக் கையோடு எடுத்துக்கொண்டு, சேசிஸ் எண்ணையும் குறித்துக்கொண்டு போங்கள். மாடலும் ஆண்டும் மட்டும் சொன்னால் போதாது. ஒரே ஆண்டில் வந்த ஒரே பெயர் வண்டியில் பெட்ரோலுக்கு ஒன்றும் டீசலுக்கு ஒன்றுமாக ஷாக் மாறலாம். புதுப்பேட்டையில் பழைய பொருள்கள் குறைந்த விலைக்குக் கிடைக்கும். சீட்டுக் கொக்கி, வெப்பத் தகடு, பிராக்கெட் போன்றவற்றை அங்கே தாராளமாக வாங்கலாம், நானே வாங்குகிறேன். ஷாக், ஸ்பிரிங், புஷ் மூன்றையும் பழையதாக வாங்கவே வாங்காதீர்கள். ரப்பர் எத்தனை வயது என்று பார்வைக்குத் தெரியாது. ஸ்பிரிங்கின் உள்வெடிப்பும் தெரியாது.

ஓட்டிப் பார்ப்பது

வீல் நட்டுகளை எதிரெதிராக இறுக்கிவிட்டு, முன்பு குறித்த அதே வேகத்தடையில், அதே வேகத்தில், அதே ஆள் எண்ணிக்கையோடு ஓட்டுங்கள். புதிய இடத்தில் ஓட்டிவிட்டுச் சத்தம் போய்விட்டது என்று நம்ப வேண்டாம். நூறு கிலோமீட்டர் போல ஓடிய பிறகு பெயிண்ட் கோடுகளைப் பாருங்கள். கோடு விலகியிருந்தால் போல்ட் இளகியிருக்கிறது. வீல் நட்டையும் அப்போதே மறுபடி இறுக்கிப் பார்த்துவிடுங்கள். ஆக்சில் புஷ் மாற்றியிருந்தால் வீல் அலைன்மெண்ட் பார்ப்பது நல்லது.

இவ்வளவுக்குப் பிறகும் அதே இடத்தில் அதே ‘டொக்’ கேட்டால், ஷாக்கின் மேல் நட்டைச் சுற்றியுள்ள தகட்டைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். பழைய வண்டிகளில், தண்ணீரில் நின்ற வண்டிகளில், தகடே துருவேறி முடி போலக் கீறல் விட்டிருக்கும். கீறல் தெரிந்தால் அந்த வண்டியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலைக்குப் போகாதீர்கள். மெதுவாக ஓட்டிக்கொண்டுபோய், காரின் உடல் தகட்டு வேலை தெரிந்த வெல்டரிடம் விடுங்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, பெட்ரோல் குழாய் எங்கே ஓடுகிறது என்று பார்த்துவிட்டு வெல்டிங்கைத் தொடங்குகிறாரா என்பதையும் கவனியுங்கள்.